சுகமாகாத பிள்ளைக்கு ஒரு சாட்சி

2007 வாக்கில் நாங்கள் ஹைதராபாத்தில், உப்பலில் குடியிருந்தோம். என் கணவருக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. ஞாயிறுதோறும் சைனிக்புரியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடும் தமிழ்ச் சபைக்குப் போவோம். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த எனக்கு அந்த ஊரில் சொந்தபந்தம் என்று இருந்தது அந்தச் சபை மட்டும்தான்.

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளுக்கு வலிப்பு நோய். திடீரென்று கண் செருகும், கை கால் வெட்டி இழுக்கும். மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் மாத்திரையும் கொடுத்தோம், முழங்காலில் நின்று ஜெபமும் செய்தோம். இதில் யாருக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் சபையில் சிலருக்குப் பொறுக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால்தானே விசுவாசம் என்றார்கள். முன்வரிசையில் உட்காரும் ஓர் அக்கா, செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர், வாரம் தவறாமல் என்னை ஓரமாகக் கூப்பிடுவார். "ஏம்மா, உள்ளுக்குள்ள ஏதாச்சும் பாவத்த மறைச்சு வெச்சிருக்கியா? அறிக்கை பண்ணிடு, புள்ளைக்கு சரியாயிடும்" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. என் கணவருக்கோ சபையே வெறுத்துவிட்டது. இனி வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கொள்வோம் என்றார்.

"அவங்க கூப்ட்டதுனாலயா நான் ஆண்டவர்ட்ட வந்தேன்? அவங்க பேச்சுக்கு நான் ஏன் ஓடணும்? நீங்க வரலன்னா ஆட்டோ பிடிச்சுப் போவேன்" என்றேன். அவர் வேண்டாவெறுப்பாக வண்டியை எடுத்தார்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி சொல்வார்கள். கேட்டது கிடைத்தவர்கள்தான் சொல்வது வழக்கம். விசா வந்தது, வெளிநாட்டில் ஆன்சைட் வேலை கிடைத்தது, ஃபிளாட் புக் பண்ணினோம் என்று சொல்லி முடித்ததும் எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்பார்கள், கீபோர்டில் ஒரு பல்லவி தொடங்கும். கிடைக்காத நாங்கள் கூடவே கை தட்டிவிட்டு வீட்டுக்கு வருவோம்.

அப்படி ஒரு முதல் ஞாயிறு, காலையிலேயே மகளுக்கு வலிப்பு வந்தது. அடங்கி, அயர்ந்து தூங்கி எழுந்தவளைத் தூக்கிக்கொண்டு சபைக்குப் போனோம். சாட்சி நேரம் வந்ததும் மகளை இடுப்பில் வைத்தபடியே நேராக முன்னால் போய் மைக்கை வாங்கினேன்.

"என் பிள்ளைக்கு இன்னும் சுகமாவல. இன்னைக்குக் காலைலயும் இழுத்துச்சு. மாத்திரை குடுத்துத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன், இனியும் குடுப்பேன்" என்றேன். போதகர் மைக்குக்காகக் கையை நீட்டினார். "இன்னும் முடிக்கல, ஐயா. இவளுக்குச் சுகமானாலும் சரி, ஆவாட்டாலும் சரி, நான் கர்த்தரை விட மாட்டேன். அதுதான் என் சாட்சி."

இதற்கு ஸ்தோத்திரம் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. கீபோர்டுக்காரர் போதகர் முகத்தைப் பார்த்தார். யாரும் சொல்லாவிட்டால் போகட்டும் என்று நானே மைக்கில் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அடுத்து எழுந்தவர் அந்த அக்கா. எனக்குப் புத்தி சொல்லத்தான் போகிறார் என்று பல்லைக் கடித்தேன்.

"எங்க வீட்டுக்காரர் குடிய விட்டுட்டார்னு போன வருஷம் இங்க சாட்சி சொன்னேன். விடல" என்றார். அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். இத்தனை நாள் அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மகளைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

என் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். வலிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இவ்வளவு ஜெபித்து என்ன கண்டாய் என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். பதில் தந்தால்தான் பிடித்துக்கொள்வேன் என்று கர்த்தரிடம் நான் ஒருநாளும் பேரம் பேசியதில்லை. அவர் பேசாமலே இருந்தாலும் நான் பிடித்த பிடியை விடுவதாக இல்லை.