பின்பக்கம் நான்கு பெட்டிகள்

அப்பாவும் அம்மாவும் ஆம்பூரிலிருந்து ஜெர்மனிக்கு என்னைப் பார்க்க வந்திருந்த மூன்று வாரமும் நான் மகனாக நடந்துகொள்ளவில்லை. கைடாக நடந்துகொண்டேன், அதுவும் யாரும் கேட்காமலேயே. எஸ்கலேட்டரில் வலது பக்கம் நிற்க வேண்டும், ரயிலில் சத்தமாகப் பேசக் கூடாது, யாரையும் உற்றுப் பார்க்கக் கூடாது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்பா மட்டும், "மூச்சு வுடலாமா, இல்ல அதுக்கும் எதனா ரூல்ஸ் கீதா?" என்று கேட்டார்.

ஒரு சனிக்கிழமை அவர்களை ஏரி ஒன்றைப் பார்க்க ரயிலில் அழைத்துப்போனேன். அந்த ரயில் வழியில் ஒரு ஜங்ஷனில் இரண்டாகப் பிரியும். முன்பக்க நான்கு பெட்டிகள் வேறு ஊருக்குப் போகும், பின்பக்க நான்கு ஏரிக்குப் போகும். இதை ஒரு காகிதத்தில் படம் போட்டு அப்பாவுக்கு விளக்கினேன்.

"ஜோலார்பேட்டைல பெட்டி கழட்டி மாட்டுவாங்களே, அது மாதிரி தானே? புரிஞ்சிது வுடு."

எனக்குத் திருப்தியில்லை. இன்னொரு முறை விளக்கிவிட்டுத்தான் விட்டேன். மூன்று பேருக்குமான ஒரே டிக்கெட் என் போனில் இருந்தது. பாஸ்போர்ட்டுகள் என் பையில். அவர்களிடம் இருந்த ஒரே போன் அம்மாவுடையது, அதற்கு இந்த ஊர் சிம் வாங்கவில்லை. "நான்தான் கூடவே இருக்கேனே, இன்னாத்துக்கு?" என்று பெரிய மனிதன் போலச் சொல்லியிருந்தேன்.

அப்பா முப்பது வருடம் ஷூ ஃபேக்டரியில் ஃபைனல் செக்கிங்கில் இருந்தவர். அவர் மனிதர்களைக் காலிலிருந்துதான் பார்க்க ஆரம்பிப்பார். பின்பக்கப் பெட்டி ஒன்றில் எங்களுக்கு எதிரில் ஒரு வயதான ஜெர்மன்காரர் உட்கார்ந்திருந்தார். ரயில் கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்பா குனிந்து, அவருடைய ஷூவின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் தோலில் சுருக்கம் விழுந்து நிற்கக் கூடாது. அதுதான் அவர் பார்த்தது.

"நல்ல தோலு. பாலிஷ் தான் கம்மி" என்று அந்த மனிதரிடமே தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

நான் அசடு வழிய ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அம்மா மடியில் டப்பாவைத் திறந்துவிட்டாள். பிரியாணி, எண்ணெய்க் கத்திரிக்காய். சீரகச் சம்பா வாசனை பெட்டியின் கடைசி சீட்டு வரை போனது. யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்தார், ஒருவேளை சும்மாகூடத் திரும்பியிருக்கலாம். எங்கள் ஊரில் வெளியூர்க்காரர்கள் ரயில் ஜன்னலோரம் மூக்கைப் பொத்திக்கொண்டால் தோல் பதனிடும் டேனரிகள் வந்துவிட்டன, இறங்கத் தயாராகலாம் என்று அர்த்தம். அந்த நாற்றத்திலேயே வளர்ந்து ஆளான மூக்குக்கு அன்றைக்குப் பெற்ற தாயின் பிரியாணி கூச்சமாக இருந்தது.

"இந்தப் பெட்டில பாத்ரூம் ரிப்பேர். முன்னாடி போய்ட்டு வர்றேன்" என்று புளுகினேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பிளாட்பாரத்தில் ஓடி, முன்பக்கப் பெட்டி ஒன்றில் ஏறிக்கொண்டேன். பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு உள்ளேயே நடந்து போக வழி கிடையாது. அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் அதே மாதிரி இறங்கித் திரும்பிவிடலாம் என்பது என் திட்டம். ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, இந்த ஊரிலேயே பிறந்தவன் போல வெளியே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, மேலே இருந்த திரையில் நாங்கள் போகவே கூடாத ஊரின் பெயர் ஓடியது. ஜங்ஷன் தாண்டியிருந்தது. பின்பக்கப் பெட்டிகள் இல்லை.

இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் ஃபேக்டரியில் ஷூவுக்குச் சொல்லும் அப்பர், சோல், ரிஜெக்ட். டிக்கெட் பரிசோதகர் வந்தால் என்ன சொல்வார்கள்? நடுவில் ஏதாவது ஊரில் இறக்கிவிட்டால் எங்கே போய்த் தேடுவேன்? படம் போட்டு விளக்கிய அறிவாளிக்கு அழுகை வந்தது.

இறங்கி, திரும்பி, வேறு ரயில் பிடித்து ஏரி ஊருக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. பிளாட்பாரத்து பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் எதிர் சீட்டில் இருந்த அந்த ஜெர்மன் ஷூக்காரர்.

நடந்ததை அவர்தான் சொன்னார். ஒரு பெண் பரிசோதகர் வந்து டிக்கெட் கேட்டதும், அப்பா நான் போட்ட அதே படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, முன்பக்கப் பெட்டியில் ஒரு ஆளை வரைந்து காட்டியிருக்கிறார். மீதியை இவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். பிறகு ஷூக்காரர், தான் பிரியாணியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டதை விரல் காட்டிச் சொல்லிவிட்டு, அப்பாவுக்குக் கைகொடுத்துக் கிளம்பினார்.

அப்பா திட்டவில்லை. என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டியாம்மா?" என்றேன்.

"நாங்க இன்னாத்துக்குப் பயப்படணும்? நீ தான் எங்கியோ போய் மாட்டிக்கினியோன்னு இருந்துச்சி." பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினாள். "இந்தா, துன்னு."

"மிச்சமா?"

"மிச்சம் ஏது? அவரு தான் நல்லா சாப்ட்டாரே. இது காலைலயே உனக்குன்னு தனியா கட்டினது. ரயில்ல எங்ககூட உக்காந்து துன்ன மாட்டேன்னு தெரியும்டா."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கக் கையால் பிசைந்து சாப்பிட்டேன். இரண்டாவது வாயிலேயே விக்கல் எடுத்தது. அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.