ஒழுகாத பெட்டி

நான் கண்டியில் ஒரு காரியாலயத்தில் எழுதுவினைஞன். பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கிருந்து வந்து இருபது வருஷமாகியும் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டியில் எனக்கு ஓர் இடம் உண்டு. படித்தவன், நாலு விஷயம் தெரிந்தவன் என்று வைத்திருந்தார்கள். அந்த நாலு விஷயத்தில் ஒன்றால்தான் என் அக்காவின் பசு செத்தது.

எங்கள் திருவிழாவில் மூன்று நாளும் அன்னதானம். மழையில் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது என்பதால் சோற்றைப் பார்சலாகக் கட்டிக் கொடுப்போம். அந்தக் குளிருக்கும் காற்றுக்கும் வாழை இலை நார் நாராகத்தான் கிடைக்கும். அதனால் எப்போதும் லஞ்ச் ஷீட் என்கிற மெல்லிய பொலித்தீன் தாள்தான். திருவிழா முடிந்தால் கோயில் கானில், அந்த வடிகாலில், அது அடைத்துத் தண்ணீர் ஓடாது. தேயிலைச் செடிகளில் வெள்ளை வெள்ளையாகப் பொலித்தீன் தொங்கும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து அரை மணிநேரம் பேசினேன். "இனிமே கடதாசிப் பெட்டிதான். மண்ணோட மண்ணாப் போயிரும். மாடு தின்னாலும் ஒண்ணும் ஆகாது" என்றேன். அந்தக் கடைசி வசனத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பேச்சு சூடு பிடித்ததில் நானாகச் சேர்த்துக்கொண்டது.

"தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் கோயில் தலைவர்.

பெட்டி வாங்கக் கண்டியில் ஒரு மொத்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று விதமான பெட்டிகளை எடுத்து வைத்தார். நான் சும்மா விடுகிற ஆளா? மூன்றிலும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். இரண்டு சற்று நேரத்தில் ஊறித் தொய்ந்துவிட்டன. மூன்றாவது ஒரு சொட்டும் ஒழுகாமல் நின்றது. அதையே எடுத்தேன். வெறும் கடதாசி தண்ணீரில் எப்படி நனையாமல் நிற்கும் என்ற கேள்வி இந்த மண்டைக்குள் எட்டிப் பார்க்கவேயில்லை. ஒரு பைக்குள் அடங்குகிற லஞ்ச் ஷீட்டுக்குப் பதிலாக ஒரு வேன் நிறையப் பெட்டி மலையேறியது. வேனின் முன்சீட்டில் ஏதோ தேரில் போகிற மாதிரி நான்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். அம்மன் சோறு குப்பையில் விழக்கூடாது, காலில் மிதிபடக்கூடாது. மிஞ்சியதெல்லாம் மாட்டுக்குத்தான் போகவேண்டும். கோயிலுக்குப் பக்கத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், அக்கா இருந்ததால் அது அவள் பசுவுக்குப் போகும். அத்தான் இறந்த பிறகு அக்கா கொழுந்து பறித்து வீட்டைப் பார்த்தாள். மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்டிக்கு டியூசன் போய்வருவதெல்லாம் அந்தப் பசுவின் பாலில்தான் நடந்தது. பசு அப்போது சினையாக இருந்தது.

லஞ்ச் ஷீட் காலத்தில் அக்கா ஒவ்வொன்றையும் பிரித்து, சோற்றைக் கையால் வழித்து வாளியில் போடுவாள். "ஒரு துண்டு உள்ள போச்சுன்னா மாடு போச்சு" என்று பக்கத்தில் நிற்கிற பெண்களையும் அதட்டுவாள். அந்த வருஷம் ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத்தான் கேட்டாள்.

"தம்பி, இதையும் பிரிச்சுத்தான் போடணுமா?"

"பேப்பர்தானக்கா. அப்படியே போடு."

மூன்று நாளும் அப்படியே போட்டாள். சோறு ஒட்டியிருந்த மிச்சப் பெட்டிகளை ஊறவைத்துப் பிண்ணாக்கோடு பிசைந்து அடுத்த கிழமை முழுவதும் கொடுத்தாள். மரக்கறி வாசத்துக்குப் பசு ஆசையாகத் தின்றது என்று போனில் சந்தோஷமாகச் சொன்னாள்.

ஒன்றரை மாதம் கழித்து, மாடு அசை போடவில்லை என்று போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அதன் இடப்பக்கம் பானை மாதிரி வீங்கியிருந்தது. மாட்டு டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "பொலித்தீன் ஏதாவது தின்னுச்சா?" என்று கேட்டார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மாட்டுக்கு ஒரு துண்டு பொலித்தீன் குடுத்ததில்ல சார். அம்மன் மேல சத்தியமா" என்றாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். மூன்றாம் நாள் பசு செத்தது. வயிற்றில் கன்றும்.

புதைக்கும் முன் டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்தார். நான் வாக்குக் கொடுத்தபடியே கடதாசி கரைந்து போயிருந்தது. மிச்சமிருந்தது மெல்லிய பொலித்தீன் தோல்தான், கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, இரண்டு கையும் நிறைய. டாக்டர் ஒன்றைப் பிரித்து விரித்தார். பெட்டியின் மூலை மடிப்பு அதில் அப்படியே இருந்தது.

"பெட்டிக்கு உள்பக்கம் ஒட்டுறது. இது இல்லாட்டி குழம்பு ஒழுகிரும்" என்றார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மகளின் டியூசன் நின்றது, பிறகு படிப்பும் நின்றது. இப்போது கண்டியில் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறாள். செலவை நான் பார்க்கிறேன் என்று சொன்னதற்கு, "வேணாம் தம்பி. நீ செஞ்சது போதும்" என்றாள் அக்கா. குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். கடதாசிக்கு மரத்தை வெட்டவேண்டும், ஆறு ஆறாகத் தண்ணீர் வேண்டும். பொலித்தீன் நாம் செத்தும் சாகாது. நான் வாங்கிய பெட்டியோ இரண்டு பாவத்தையும் சேர்த்து ஒட்டியது. காரியாலயத்தில் யாராவது எது நல்லது என்று கேட்டால் இப்போது தெரியாது என்கிறேன். உண்மையாகவே தெரியாது.

அடுத்த திருவிழாக் கூட்டம் வந்தது. "ஆளுக்கொரு தட்டு கொண்டாரச் சொல்லலாமே" என்று முனகிப் பார்த்தேன். "பக்கத்துத் தோட்டத்துலருந்து மழையில வர்றவங்க தட்டைத் தூக்கிக்கிட்டா வருவாங்க?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தாள். கூட்டத்தில் அவள் அதுவரை வாய் திறந்ததே இல்லை.

"லஞ்ச் ஷீட்டே வாங்குங்க. அது விஷம்னு நமக்குத் தெரியும். தெரிஞ்சா பிரிச்சு எடுத்துருவோம்."

சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கும்படி தலைவர் சொன்னார். முதலில் தூக்கியவன் நான்தான்.