வண்டூர் வேனும் பத்து பழைய போல்ட்டும்

என்ஜின் வேலையில் பெரும்பாலான சாமான்களைக் கழுவித் துடைத்துத் திரும்ப மாட்டிவிடலாம். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை அழுத்திப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை மட்டும் தூக்கிப் போட வேண்டும் என்பதை வாடிக்கையாளருக்குப் புரிய வைப்பதுதான் உயிர் போகிற வேலை. நீங்களும் உங்கள் தொழிலில் இப்படி ஒன்றைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர்களாக இருப்பீர்கள். போர்ட் பிளேர் பக்கம் புரோத்ராபூரில் பட்டறை வைத்திருக்கும் எனக்குக் கஷ்டம் ஒரு படி கூடுதல். இங்கே எல்லாமே மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதனால் தீவுக்காரன் எதையும் எறிய மாட்டான். சுனாமிக்குப் பிறகு வளைந்த ஆணியைக்கூடத் தட்டி நிமிர்த்தி வைத்துக்கொண்ட ஊர் இது.

மண்ணெண்ணெய்க் குளியல்

முருகையா அண்ணன் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். சுனாமியில் வீடு போன பிறகு குடும்பத்தோடு வண்டூருக்கு வந்தார். நிவாரணப் பணத்தில் ஒரு பழைய வேனை வாங்கி, போர்ட் பிளேருக்கு ஆள் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வேன் ஒரு நாள் சூடேறி நின்றது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற கேஸ்கட் தகடு எரிந்திருந்தது. அதை மாற்ற வேண்டும், கூடவே பத்து போல்ட்டும் புதிதாக வேண்டும் என்றேன்.

அவர் போல்ட்டுகளை வாரிக்கொண்டு போய் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, பளபளவென்று என் முன்னால் வரிசையாக அடுக்கினார். நான் பட்டறையில் கிடந்த புதிய போல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பழையது அதைவிடத் தீக்குச்சி கனம் கூடுதல் நீளமாக இருந்தது. "இது முறுக்கும்போது இழுபட்டு நீளுகிற ஜாதி. அந்த இழுவையில்தான் ஹெட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு தடவை நீண்டுவிட்டால் மறுபடி அந்தப் பிடிப்பு வராது" என்று விளக்கினேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீளமாத்தானே ஆயிருக்கு தம்பி, கொறையலயே?"

வராத கப்பல்

கேஸ்கட் பட்டறையில் இருந்தது; போல்ட்டுகளுக்குச் சென்னைக்குச் சொல்லி அனுப்பினேன். அந்த வாரம் கடல் கொந்தளிப்பில் கப்பல் கிளம்பவில்லை. அடுத்தது எப்போது என்று ஹார்பரில் கேட்டால், கேட்ட ஆளையே முறைத்தார்கள். முருகையா அண்ணன் தினமும் பஸ் ஏறி வந்து பட்டறை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். திட்டினால்கூடப் பரவாயில்லை, சும்மா உட்கார்ந்திருப்பார். எனக்குக் கை ஓடாது.

எட்டாம் நாள்தான் வாயைத் திறந்தார். நானும் அன்றுதான் முழு விஷயத்தைத் தெரிந்துகொண்டேன்.

"மருமகளுக்கு நெற மாசம் தம்பி. வலி எடுத்தா நான் யாரு வீட்டு வாசல்ல போயி வண்டி கேட்டு நிக்க? பழசையே போட்டுக் குடு, சமாளிச்சுக்கலாம், மேனேஜ் கர்லேங்கே."

கால் சுற்று

போட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனால் போட்டேன். துளைகளைத் துடைத்து, மரையில் சொட்டு எண்ணெய் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசை தப்பாமல் முறுக்கினேன். முதல் சுற்றில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் சொன்ன அளவுக்கு எல்லாம் ஒழுங்காக இறுகின. அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் இன்னும் இரண்டு தடவை கால் சுற்றுத் திருப்ப வேண்டும். அங்கேதான் போல்ட்டின் குணம் தெரியும். புதியது கையை எதிர்த்து முரண்டு பிடிக்கும். ஆறாவது போல்ட் கடைசிக் கால் சுற்றில் குழைந்த சோற்றில் கரண்டி போவது போல் போனது.

என் கைக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எதிரே அவர் ஸ்டார்ட் செய்யச் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். மெதுவாக ஓட்டுங்கள், ஏற்றத்தில் நிறுத்தி நிறுத்திப் போங்கள், கப்பல் வந்ததும் மாற்றிவிடலாம் என்று மட்டும் சொன்னேன். ஆறாவது போல்ட்டைப் பற்றிச் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்ஜின் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது.

"பாத்தியா, இதுக்குப் போயி மெயின்லேண்ட் போல்ட் வேணுங்கிற."

தண்ணீர் லாரி

நாலாம் நாள் மருமகளுக்கு வலி எடுத்தது. நல்ல பகல் வேளை. ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில், ஒரு ஏற்றத்தில் வேன் வெள்ளைப் புகை கக்கி நின்றது. பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரர் அந்தப் பெண்ணையும் மாமியாரையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார். லாரியில் முருகையா அண்ணனுக்கு இடமில்லை. அவர் ரோட்டில் நின்றார்.

மறுநாள் காலை, டிராக்டரில் கயிறு கட்டி வேனை இழுத்துக்கொண்டு வந்தார். தூரத்தில் பார்த்ததுமே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். சட்டையைப் பிடித்தாலும் பேசாமல் நிற்பது என்று முடிவு செய்துகொண்டேன். அவர் இறங்கி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"பேத்தி பொறந்திருக்கா தம்பி. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க, டீக் டாக். வண்டியப் பொறவு பாப்போம், மொதல்ல இனிப்ப எடு."

மறுபடியும் பத்து

இனிப்பைக் கையில் வாங்கினேன், வாயில் போடவில்லை. ஆறாவது போல்ட் குழைந்ததை அப்போதே அவரிடம் சொல்லிவிட்டேன். தெரிந்தேதான் அனுப்பினேன் என்றும் சொன்னேன். அவர் வேனை ஒரு தடவை சுற்றி வந்தார். பிறகு டீ வாங்கிவரப் போனார். இரண்டு கிளாஸ் வாங்கி வந்தார்.

கப்பல் வந்தது. புதிய போல்ட்டுகளை மாட்டும்போது அவரையே பக்கத்தில் நிறுத்தி, கடைசிக் கால் சுற்றை அவர் கையால் திருப்பச் சொன்னேன். அது முரண்டு பிடித்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. வேலை முடிந்ததும் பழைய பத்தையும் கேட்டார். வேறு எவன் வண்டியிலாவது ஏறிவிடுமோ என்று நான் கொடுக்கத் தயங்கினேன்.

"பயப்படாத. ஆட்டுப் பட்டிக் கதவுக்குத் தாழ்ப்பாளாப் போடப் போறேன். ஆடு இழுத்து இது இன்னும் நீளப் போறதில்ல."

ஸ்டாண்டில் பேசியது

வண்டூரிலிருந்து இனி ஒரு வண்டியும் என்னிடம் வராது என்றுதான் நினைத்திருந்தேன். பட்டறைக்கு ஒரு பெயர் கெட்டால் இந்தச் சின்னத் தீவில் ஓடி ஒளிய இடமில்லை. இரண்டு மாதம் கழித்து, வண்டூர் ஸ்டாண்டில் வேன் ஓட்டும் இன்னொருவர் வந்தார். அவர் வண்டியிலும் அதே கோளாறு. பழைய போல்ட்டைப் போட மாட்டேன், கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று நான் வழக்கமான புராணத்தை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும் பாய். 'மெக்கானிக் வேணாம்னுதான் சொன்னாரு, நாந்தான் புடிவாதம் புடிச்சேன், தப்பு என் மேலதான்'னு முருகையா அண்ணன் ஸ்டாண்டுல எல்லார்ட்டயும் சொல்லிட்டாரு. கப்பல் வர்ற வரைக்கும் வண்டி இங்கயே கெடக்கட்டும்."

அன்றிலிருந்து நான் யாருக்கும் பழைய போல்ட்டைப் போடுவதில்லை. கப்பல் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் என்ஜின் வேலையில் சேர்த்திதான் என்று பழகிக்கொண்டேன்.