கருகல் மேல் விழுந்த சீட்டு

அண்ணன் கையில் நடுக்கம் இருக்கிறது என்று மருத்துவமனைக்காரர்கள் சொல்வதற்கு முன்பே சீட்டுக்கட்டு சொல்லிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கெலுகோர் பிளாட்டில் வழக்கம்போலப் போக்கர் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் போட்ட சீட்டு ஒன்று பாதி வழியில் மல்லாந்து எல்லோருக்கும் முகத்தைக் காட்டியது. "கையில எண்ணெயா மச்சான்?" என்று நண்பர்கள் சிரித்தார்கள். அடுத்த சுற்றில் இன்னும் இரண்டு மல்லாந்தன. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி இறந்த பிறகு அந்த வீட்டில் அண்ணனும் நானும்தான். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் புதைத்துக்கொண்டு தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து சாப்பிட்டானதும் அண்ணனுடைய நண்பர்கள் நால்வர் வருவார்கள். எல்லோரும் பள்ளிக்கூடத்திலிருந்தே அவனோடு இருப்பவர்கள். காசு வைத்து ஆட மாட்டார்கள். பிளாஸ்டிக் வில்லைகள்தான். வில்லை முழுவதையும் தோற்பவர் கீழே கடைக்குப் போய் எல்லோருக்கும் பீசாங் கோரெங் வாங்கி வர வேண்டும். அந்த வாழைப்பழப் பொரியலுக்காக ஐந்து பேர் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஏதோ நாட்டையே பணயம் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடப்படும். ஐந்து சீட்டு நடுவில் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். தன் இரண்டையும் நடுவில் உள்ளதையும் சேர்த்து யாருக்கு நல்ல சேர்க்கை அமைகிறதோ அவர் ஜெயித்தவர். நம்பிக்கை இல்லாதவர் இடையிலேயே சீட்டை எறிந்துவிடலாம். எறிந்த சீட்டுக்கு எங்கள் மேசையில் ஓர் இடம் உண்டு. மேசைமேல் நாங்கள் விரிப்பது துணி தேய்க்கும் பழைய கம்பளி. அதன் ஓர் ஓரத்தில் அண்ணி ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்ததில் அப்படியே அதன் வடிவத்தில் ஒரு கருகல். எறிந்த சீட்டெல்லாம் அந்தக் கருகலுக்கு மேல் போக வேண்டும். அதைத் தொட்ட சீட்டு செத்த சீட்டு. ராஜாவாக இருந்தாலும் திரும்பி வராது. இது அண்ணன் வகுத்த சட்டம்.

எப்போதும் அவன்தான் சீட்டு போடுவான். அவன் கலைத்துப் போடுவது ஒரு அழகு. அந்தக் கை இப்படி ஆனதும் நண்பர்களில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் மெல்ல ஆரம்பித்தார். "இனிமே என் வீட்டுல வச்சிக்கலாம் லா. நீ ரெஸ்ட் எடு."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நாள் கடையில் கோப்பி மேலெல்லாம் கொட்டிக்கொண்ட பிறகு அண்ணன் கடைப்பக்கம் போவதை நிறுத்தியிருந்தான். பூசையில் நற்கருணையைக் கையில் வாங்குவதை விட்டு நாவில் வாங்க ஆரம்பித்திருந்தான்; உட்காருவதும் கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டது. ஆட்டம் வேறு வீட்டுக்குப் போனால் அவன் அங்கே போக மாட்டான். வாரம் முழுவதும் மனித முகம் என்று அவன் பார்ப்பது என் முகத்தைத்தான் என்றாகிவிடும். என் முகம் அப்படி ஒன்றும் ஆறுதல் தருகிற முகம் அல்ல.

"ஆட்டம் இங்கயே இருக்கட்டும். நான் போடுறேன்" என்றேன்.

"உனக்குக் கலைக்கவே தெரியாதே பாப்பா" என்றான் அண்ணன். ஐம்பதைத் தாண்டியும் நான் அவனுக்குப் பாப்பாதான்.

"தெரிஞ்சுக்கிறேன்."

தெரிந்துகொள்வதென்றால் அரைகுறையாக அல்ல, கேசினோவில் போடுகிறவர்களைப்போல. பாவம் பார்த்துத் தங்கச்சியை உட்கார வைத்தார்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. கைபேசியில் காணொளிகளைத் தேடினேன். ஒரு வெள்ளைக்காரப் பையன் கற்றுக்கொடுத்தான். சீட்டைக் காட்டுவதைவிடப் பல்லைக் காட்டுவதில்தான் அவனுக்கு அக்கறை. ஐந்து தட்டுகளை மேசையைச் சுற்றி வைத்து, ஒவ்வொரு தட்டின் முன்னும் சீட்டு போய் நிற்கப் பழகினேன். முதலில் சீட்டுகள் எல்லாத் திசையிலும் பறந்தன. ஒன்று குளிர்பெட்டிக்கு அடியில் போனது. அதை எடுக்கத் துடைப்பக்குச்சி தேவைப்பட்டது. தலைக்கு மேலே சுற்றும் காற்றாடிதான் பெரிய எதிரி. அதை நிறுத்தினால் மத்தியான வெயிலில் வெந்துபோவோம். எனவே சீட்டுக்கட்டைத் தாழ்த்திப் பிடித்து, கம்பளியை உரசுகிற மாதிரி சீட்டைச் சுழற்றி விட வேண்டும். உயர எறிந்தால் காற்று புரட்டிவிடும். மைக்ரோஸ்கோப் வேலையில் பழகிய விரல்கள் கொஞ்ச நாளில் சொன்னபடி கேட்டன. இரண்டு பாதியாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துக் கலைப்பதும் வசப்பட்டது.

கஷ்டமாக இருந்தது வாய்தான். போடுகிறவர் பேசக் கூடாது. யார் நன்றாக ஆடினார், யார் முட்டாள்தனமாக எறிந்தார் என்று முகத்தில்கூடக் காட்டக் கூடாது. கருகல் மேல் விழுந்த சீட்டு என்ன என்று தெரிந்தாலும் வெளியே சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் குப்பையைத் தப்பான பையில் போட்டாலே சும்மா இருக்க முடியாத எனக்கு இது பெரிய தவம். ஆனால் கற்றுக்கொண்டேன். ஞாயிறு மத்தியானங்களில் மட்டும் நான் வேறொருத்தி ஆனேன்.

நண்பர்கள் மெச்சினார்கள். சுங்கை பாக்காப்பிலிருந்து பாலம் தாண்டி வருபவர், நண்பர்களிலேயே அண்ணனுக்கு மிக நெருக்கமானவர், "தங்கச்சிய மலை மேல கேசினோவுக்கு அனுப்பிடலாம் மச்சான்" என்றார். அண்ணன் மறுபடி சிரிக்க ஆரம்பித்தான். அதைவிட, ஜெயிக்க ஆரம்பித்தான். வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திக்கொண்டு தன் சீட்டின் ஓரத்தைக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்ப்பான். பார்க்க வேதனையாக இருக்கும். ஆனால் வில்லைகள் அவன் பக்கம்தான் குவிந்தன. பீசாங் கோரெங் வாங்க அவன் போகவே நேரவில்லை.

"கை நடுங்குனா என்ன? மூளை நடுங்கல இல்ல" என்று திங்கட்கிழமை காலையில்கூடச் சொல்லிக்கொண்டிருப்பான். நோய் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிடும் என்று அவனே படித்து வைத்திருந்தான். எனவே தலைக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வெற்றிதான் அவனுக்கு ஆதாரம். வேறு எதையும் அவன் நம்பவில்லை, மருத்துவர் சொன்னதையும் சேர்த்து.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள் ஆசிரியர் எறிந்த சீட்டு தவறிப் புரண்டது. ராஜா. நடுவில் ஏற்கெனவே ஒரு ராஜா திறந்து கிடந்தது. அண்ணனிடம் ஒரு ஜோடி எட்டு மட்டும்தான் என்று சற்று நேரத்தில் தெரிந்தது. ஆசிரியர் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். நான் ராஜாவைச் சட்டென்று கவிழ்த்துக் கருகல் மேல் தள்ளினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கவனிக்காமல் எறிந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கவனித்தேன். நால்வரும் மாறி மாறி அதையே செய்துகொண்டிருந்தார்கள். பேசி வைத்துக்கொண்டார்களா, தானாக நடந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்கள்மீது கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு அவர்களுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தபோது சர்க்கரை கொஞ்சம் அதிகமாகவே போட்டேன், ஏனென்றால் அழுகையும் வந்தது.

நான் அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதானே கற்ற பாடம்.

பிறகு ஒரு ஞாயிறு வந்தது. மற்ற மூவரும் ஒதுங்கிவிட, அண்ணனும் சுங்கை பாக்காப்காரரும் மட்டும் கடைசி வரை வந்தார்கள். அவர் ஒவ்வொரு சுற்றிலும் யோசிக்காமல் வில்லையைத் தள்ளிக்கொண்டே இருந்தார். ஆட்ட மும்முரத்தில் பாவம் பார்க்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. அண்ணன் தன் சீட்டைத் திறந்தான். ஒரு ஜோடி ஒன்பது. அவர் அதைப் பார்த்தார், அண்ணனுடைய கையைப் பார்த்தார், தன் இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே என் பக்கம் எறிந்தார்.

"நீ ஜெயிச்சே மச்சான்."

"இரு" என்றான் அண்ணன். "ஒன்பதுக்குத் தோக்கவா இவ்ளோ தூரம் வந்தே? பாப்பா, அதத் தெறந்து காட்டு."

அவனுக்கு அந்த உரிமை உண்டு. கடைசி வரை வந்த சீட்டைப் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் போடுகிறவர் அதை எறிந்த சீட்டுகளின்மேல் ஒரு முறை தட்டி, செத்தது என்று காட்டிவிட்டு, திறந்து காட்ட வேண்டும். நானே அதை நூறு தடவை பழகியிருக்கிறேன். அந்த இரண்டு சீட்டும் என் விரலடியில்தான் இருந்தன. சுங்கை பாக்காப்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆசிரியர் காலிக் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் அவற்றைக் கருகல் மேல் தள்ளி, குவியலோடு குவியலாக இரண்டு கையாலும் கலக்கிவிட்டேன். "அய்யோ, கலந்துருச்சுண்ணே" என்றேன்.

அண்ணன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரி லா. அடுத்தது போடு" என்றான். இன்னொரு முறை கேட்டால் இன்னொரு முறையும் அப்படித்தான் செய்வேன்.

ஆட்டத்துக்கு நடுவில் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தான். மூடிபோட்ட குவளையில் உறிஞ்சுகுழல் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, வெளியே கேட்காத குரலில் பேசினான்.

"நீ இது வரைக்கும் ஒரு தடவகூட மொற தப்புனதில்ல பாப்பா."

நான் தட்டைக் கழுவினேன்.

"எப்பலேர்ந்து?"

"எனக்குத் தெரிஞ்சு அந்த மழ நேரத்துலேர்ந்து."

அவன் குவளையைக் கீழே வைக்க முயன்றான். அது தொட்டியின் விளிம்பில் தடதடவென்று அடித்தது. நான் வாங்கி வைத்தேன். என் அண்ணன் அழுது நான் பார்த்தது அண்ணி இறந்த நாளில் மட்டும்தான். இப்போது அவன் அழவில்லை. அதைவிட மோசமாக, ஏதோ கணக்குப் போடுகிறவன்போலச் சற்று நேரம் நின்றான்.

"அவனுங்ககிட்ட எதுவும் கேக்காத" என்றான். "கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டு வராமப் போயிடுவானுங்க."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். "என்ன லா, எல்லாரும் தூங்கிட்டீங்களா?" என்று அவன் சத்தமாகக் கேட்டது எனக்குக் கேட்டது.

இன்றும் ஞாயிறுதோறும் வருகிறார்கள். நான் போடுகிறேன். இப்போது அண்ணன் கைக்கு எட்டும் தூரத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக, சீட்டு சரியாகப் போய் நிற்கிறது. அவன் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு ஓரத்தைத் தூக்குவதில்லை. சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடுகிறான், கொஞ்சம் பொறுத்துத் தலையாட்டுகிறான், வில்லையைத் தள்ளுகிறான். அவன் தன் சீட்டைப் பார்ப்பதே இல்லை. நண்பர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவன் கையைப் பார்க்காமல் இருக்க அவர்கள் அவ்வளவு பாடுபடுகிறார்கள். கடைசியில் திறக்கும்போதுதான் தன்னிடம் என்ன இருந்தது என்று அவனும் மற்றவர்களோடு சேர்ந்து பார்க்கிறான்.

போன ஞாயிறு அவன் திறந்தது ஒரு இரண்டும் ஒரு ஏழும். நடுவில் இருந்த எதனோடும் ஒட்டாத வெறும் சீட்டு. சுங்கை பாக்காப்காரர் அதைப் பார்த்தார். தன் சீட்டைக் கவிழ்த்து என்னிடம் எறிந்தார்.

"உன்ன ஜெயிக்க முடியுமா மச்சான்" என்றார்.

"இன்னிக்கு நல்லா வருது லா" என்றான் அண்ணன்.

நான் எல்லாவற்றையும் பொறுக்கிக் கருகல் மேல் வைத்துக் கலைத்தேன். கீழே போய்ப் பீசாங் கோரெங் வாங்கி வரும் முறை அன்று சுங்கை பாக்காப்காரருக்கு வந்தது.