எண்ணெய் குடித்த ரப்பர் குழாய்

"ஸ்ஸ்… டக், ஸ்ஸ்… டக்" என்று மூச்சிரைத்தபடி மழையைத் துடைத்துக்கொண்டு வரும் எங்கள் காரின் வைப்பர், பெரகல ஏற்றம் தொடங்கியதும் பாதிக் கண்ணாடியில் அப்படியே நின்றுவிடும். அந்தப் பழைய இங்கிலீஷ் காரில் வைப்பரை ஓட்டியது மின்சாரம் அல்ல. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் இழுவை ஒரு ரப்பர் குழாய் வழியாக வந்து அதை ஆட்டியது. ஏற்றத்தில் எக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் இழுவை குறைந்து வைப்பர் தூங்கிவிடும். காலை ஒரு கணம் எடுத்தால் விழித்துக்கொண்டு இரண்டு தரம் துடைக்கும். அதனால் அப்பா மிதிப்பதும் எடுப்பதுமாக ஓட்ட, பின்னால் இருக்கும் நாங்கள் கோயில் மாடு போல் தலையாட்டிக்கொண்டே போவோம். யாராவது பயந்து கேட்டால், "ஏத்தத்துல அது அப்புடித்தாங்க" என்பார்.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா வெள்ளைக்காரத் துரையின் டிரைவராக இருந்தார். துரை ஊருக்குக் கப்பலேறியபோது அந்தக் கார் அப்பாவிடம் வந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் கடைசி வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு அதை நிறுத்தி, வாடகைக்கு ஓட்டினார். அம்மா கொழுந்தெடுக்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பிடித்தால் விடமாட்டார். அக்காவைப் பத்தாம் வகுப்பைத் தாண்டியும் படிக்க வைத்தது அந்தப் பிடிவாதம்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்குத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. பதுளையில், காலை பத்து மணிக்கு. எங்கள் லயத்திலிருந்து அப்படி ஒரு கடிதத்தோடு கிளம்பியவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை.

"வீட்டு வாசல்ல காரு நிக்கிறப்ப பஸ்ஸு எதுக்கு?" என்று அப்பா விடியற்காலை பஸ்ஸைப் போகவிட்டார். அடுத்த பஸ் பதுளைக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிடும். ஆறு மணிக்குக் காரை எடுத்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வைப்பர் அசையவில்லை.

நிறுத்தி வைத்த காரில், எக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போதுதான் வைப்பர் பேய் பிடித்ததுபோல் ஆடும். அப்போதே ஆடவில்லை என்றால் ஏற்றத்தின் மேல் பழிபோட வழியில்லை. அப்பா பொனட்டைத் திறந்தார். அம்மா குடை பிடித்தார். உள்ளே உட்கார்ந்து வைப்பர் குமிழைத் திருகுவது என் பொறுப்பு. நான் அப்போது பத்து வயதுச் சிறுமி. அப்பா வைப்பர் கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார், இடறல் இல்லை. குழாயைக் கழற்றி, வைப்பரை ஆட்டும் பெட்டியின் வாயில் தன் வாயை வைத்து உறிஞ்சினார், வைப்பர் கை பாதித் தூரம் எழுந்து நின்றது. எஞ்சின் பக்கத் துளையில் கட்டைவிரலை வைத்தார், விரலைப் பிடித்து இழுத்தது. குழாயில் வாய் வைத்து ஊதினார், மறுமுனையில் காற்று வந்தது. வெடிப்பு இல்லை, ஓட்டை இல்லை. தனித்தனியே பார்த்தால் எல்லாம் நல்லபடி இருந்தன. சேர்த்து மாட்டினால் மட்டும் செத்துக் கிடந்தன.

பட்டுச் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். அப்பா கையைத் துடைத்தார். "கண்ணாடியில பொகையில தேச்சா தண்ணி நிக்காது, அத வச்சு ஓட்டிரலாம்" என்றார். லொறிக்காரர்கள் செய்கிற வேலைதான் அது.

"பெரகல பனியிலயா? ஒரு பக்கம் பள்ளம். புள்ளய வச்சிக்கிட்டு அந்த வேல வேணாம்" என்றார் அம்மா.

"அப்ப அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"அடுத்த தடவன்னு ஒன்னு நமக்கு வரவே வராது. மறுபடி ஓட்டுங்க. நான் பாக்குறேன்" என்றார் அம்மா.

அப்பா எஞ்சினை ஓட்டினார். நான் குமிழைத் திருகினேன். அம்மா குடையை என்னவோ ஒரு கோணத்தில் பிடித்துக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டார். "இங்க பாருங்க, இது கன்னம் ஒட்டுற மாதிரி ஒட்டுது" என்றார். எஞ்சின் இழுக்கும்போது ரப்பர் குழாய் நடுவில் தட்டையாகப் படுத்துக்கொண்டது. எஞ்சினை நிறுத்தியதும் ஒன்றும் தெரியாததுபோல் உருண்டையாக எழுந்துகொண்டது. அப்பா தொட்டுப் பார்த்தார். ஊறவைத்த தோல்போலக் கொழகொழவென்று இருந்தது.

அம்மாவின் முகம் மாறியதை நான் பக்கக் கண்ணாடி வழியே பார்த்தேன். ஆயுத பூஜையன்று வீட்டிலுள்ள அரிவாள், கவ்வாத்துக் கத்தி எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசிச் சந்தனம் வைப்பது அம்மாவின் வழக்கம். அந்த வருடம் பொனட்டையும் திறந்துவிட்டு, கறுப்பாக எது கண்ணில் பட்டதோ அதற்கெல்லாம் தேங்காயெண்ணெய் பூசியிருக்கிறார். பூஜைக்குப் பிறகு நல்ல மழை இல்லை. குழாய் அந்த எண்ணெயைக் குடித்து ஊறிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

"நாந்தான் எண்ணெ போட்டேன். ரெண்டு கையாலயும் தேச்சேன்" என்றார் அம்மா. அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா குடையை என் பக்கம் நீட்டிவிட்டு வீட்டுக்குள் போய், அக்கா உடுப்பு மாற்றும் மூலைக்குக் கட்டியிருந்த திரைச்சீலையை இழுத்துப் பிய்த்துக்கொண்டு வந்தார். அதற்குள் இருந்த சுருள் ஸ்பிரிங் கம்பியை உருவி, "இத உள்ள விட்டா எப்புடி ஒட்டும்னு பாப்போம்" என்றார். அப்பா குறட்டால் கம்பியை அளவாக வெட்டினார். வழுக்கிய குழாயை அம்மா பிடித்துக்கொள்ள, அக்கா பட்டுச் சேலையோடு வந்து கம்பியைத் திருகித் திருகி உள்ளே செலுத்தினாள். இரண்டு முனைகளையும் நூலால் இறுக்கிக் கட்டினார்கள். நான் குமிழைத் திருகினேன். வைப்பர் முதலில் தயங்கி, பிறகு மூச்சு வந்து ஆடத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பாவும் அக்காவும் கிளம்பியபோது ஏழு மணி தாண்டிவிட்டது. அக்கா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வேலையும் கிடைத்தது.

நான் சொல்ல வந்தது அது மட்டுமல்ல. கார் போனதும் அம்மா கூடையை எடுத்துக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடினார். ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்பி முடிந்திருந்தது. பிந்தி வந்தவருக்குப் பெயர் இல்லை, அன்றைக்குக் கூலியும் இல்லை என்று கங்காணி திருப்பி அனுப்பிவிட்டார். நான் பள்ளிக்கூடம் போகும்போது அம்மா கோயிலுக்குப் பின்னால் மரத்தடியில் கூடையோடு குந்தியிருந்தார். "அக்காகிட்ட சொல்லிறாத. இன்னிக்கு அவ சந்தோசமா வருவா" என்றார். சாயங்காலம் மற்றப் பெண்களோடு சேர்ந்து, மலையிலிருந்து இறங்கியவர்போலவே வீட்டுக்கு வந்தார்.

அக்கா முப்பது வருடத்துக்கு மேல் தோட்டப் பிள்ளைகளுக்குக் கற்பித்து ஓய்வுபெற்றுவிட்டாள். கார் பழைய இரும்புக்குப் போயிற்று. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது யாரோ லீக்ஸ் பாத்தி போட்டிருக்கிறார்கள். என் மகனின் காரில் மழை விழுந்தால் வைப்பர் தானாகவே ஓடுகிறது, ஏற்றம் இறக்கம் என்ற பேச்சே இல்லை. போன மாதம் அந்தக் காரில் நானும் அக்காவும் பெரகல வழியாகப் போனபோது, அம்மா மரத்தடியில் இருந்த கதையை முதன்முதலாக அவளிடம் சொன்னேன்.

அக்கா வெளியே பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும்டி" என்றாள். "அன்னிக்குச் சாயங்காலம் நாந்தான் அம்மா கூடைய எறக்கி வச்சேன். அதுல ஒரு எல கூட ஒட்டியிருக்கல. கேட்டா அம்மாவுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன்."

கேட்டிருக்கலாம் என்று இப்போது இருவருக்கும் தோன்றுகிறது. கேட்க அம்மா இல்லை.