சத்தம் போட்டுப் படிக்கக் கூடாத கட்டடம்

திருவனந்தபுரத்தில் ஆண்கள் வாயைத் திறக்காமல் பேப்பர் படிக்கிறார்கள். பிழைக்க வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் சுமை இறக்குகிறவர்கூட மூட்டைமேல் உட்கார்ந்து தனக்குள்ளேயே படித்து முடித்து, பேப்பரைக் கக்கத்தில் செருகிக்கொண்டு போய்விடுவார். வள்ளியூர்ப் பக்கம் எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் படிப்பார், கடையே கேட்கும். "ஏ, அந்த மந்திரி சொன்னத இன்னொரு மட்டம் படி" என்று அதட்டுவார்கள். பேப்பர் என்பது காதுக்கானது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் வாயனசாலை கட்டினார்கள். நூலகத்துக்கு இங்கே அதுதான் பெயர். என் வீட்டுக்காரர் சுடலைமுத்து அதில் கொத்தனார், நான் சித்தாள். என்ஜினியர் புதுவிதமாகக் கட்டச் சொன்னார். செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட வேண்டும், பூச்சு வேண்டாம், மேற்குச் சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்க வேண்டும். காற்று தானாக வரும், ஃபேன் வேண்டாம், பகலில் விளக்கும் வேண்டாம் என்றார். "பூசாத சுவரு, சட்டை போடாத மாப்பிள்ளை மாதிரில்லா இருக்கு" என்று இவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். திறப்பு விழாவில் வாயனசாலைச் செக்ரட்டரி, இது எல்லாருக்குமான இடம் என்று பேசினார். நான் நம்பினேன். தமிழ் பேப்பரும் ஒன்று வாங்கிப் போட்டார்கள்.

அந்த ஐப்பசியில் ஊர்ப் பக்கம் பேய்மழை, பஸ் ஓடவில்லை. என் மாமியார் குளத்தங்கரைக் குடிசையில் தனியாக இருந்தார். டீக்கடை ரேடியோ மலையாளத்தில் ஏதோ சொன்னது. எங்கள் குளத்தின் பெயரை அது சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இவரும் இன்னும் நாலைந்து பேரும் என்னோடு வாயனசாலைக்கு வந்தார்கள். எங்களில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். பேப்பரை விரித்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினேன்.

செக்ரட்டரி ஓடி வந்தார். "இவிடெ உறக்கெ வாயிக்கான் பாடில்லா." சத்தம் போட்டுப் படிக்கக் கூடாதாம்.

"இவங்களுக்குப் படிக்கத் தெரியாது சாரே. படிக்கத் தெரியாதவங்களுக்கு இங்க இடமில்லையா?"

அவர் முகம் மலர்ந்தது. "அதினு ராத்ரி கிளாஸ் உண்டல்லோ! அப்ளிகேஷன் தந்நால் மதி." ராத்திரி வகுப்பு இருக்கிறதாம், மனு கொடுத்தால் போதுமாம்.

"வெள்ளம் வடியறதுக்குள்ள நான் ஆனா ஆவன்னா படிச்சு முடிச்சிருவேனாக்கும்?" என்றார் இவர். செக்ரட்டரிக்குப் புரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எழுத்துத் தெரியாதவன் தெரிந்துகொண்டு வரட்டும் என்பது அவர் நியாயம். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேப்பரை வெளியே கொண்டுபோகவும் கூடாதாம். அவர்களை வெளியே போகச் சொன்னேன். நான் பேப்பரோடு மேற்குச் சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். அவர்கள் அந்தப் பக்கம் மணலில் குந்தினார்கள். காற்று வருவதற்கு விட்ட ஓட்டைகள் வழியாக ஒவ்வொரு ஊராக வாசித்தேன். எங்கள் குளத்தின் பெயர் வந்தபோது அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டேன். கரை உடையவில்லை, ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள் என்று போட்டிருந்தது. "இன்னொரு மட்டம் படி" என்றது இவர் குரல். படித்தேன்.

படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். செக்ரட்டரி வந்து நின்றார். "ஈ ஓட்டையெல்லாம் அடைக்கேண்டி வரும்."

"அடைங்க சாரே. அப்புறம் ஃபேன் வாங்கணும், பகல்லயும் லைட்டு போடணும். ஆனா கல்லு சுமக்க நான் வர மாட்டேன், வைக்க அவரும் வர மாட்டாரு. வேற ஆள் பாத்துக்குங்க."

வேறு ஆள் என்றாலும் இந்த வட்டாரத்தில் எங்கள் ஆட்கள்தான். அது அவருக்கும் தெரியும்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், என்னைச் சண்டைக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் நான் அங்கேதான் உட்காருகிறேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஊரே வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருக்கிறது. எதிரே, ஓட்டைக்கு ஒரு கண்ணாக, என் ஜனங்கள்.