மூடுபனியில் கேட்ட டிரம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் நான்.

கடைக்குட்டி மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரரைப் போலத் தப்புப் பறை அடிக்க அங்கே ஆளில்லை. மூத்தவன் ஹட்டனில் ஒரு பாட்டுக் கோஷ்டியில் டிரம்ஸ் அடித்தான். யாரோ பேர்போன வெள்ளைக்கார டிரம்ஸ்காரர் செத்துப்போனார் என்று ரேடியோவில் கேட்டு, அன்று அவன் சோறு தின்னவில்லை.

“அவரு அடிச்சா இடி விழுந்த மாதிரி இருக்கும்ப்பா.”

“பிளாஸ்டிக்குத் தோலுல என்னடா இடி?” என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று மாலையில் மூடுபனி இறங்கியது. விறகுக்குப் போன கடைக்குட்டி திரும்பவில்லை. அந்தப் பக்கம் பெரிய பள்ளம். கூப்பிட்ட குரல் எட்டவில்லை. சத்தத்தைப் பிடித்து வந்துவிடுவாள் என்று இவர் தப்பை எடுத்தார். அடுப்பில் காய்ச்சி வெளியே கொண்டுவந்தாலும், தூறலில் தோல் தொய்ந்து சத்தம் அடங்கிப்போனது.

மூத்தவன் தன் பெரிய டிரம்மை எங்கள் லயத்து வீட்டு வாசலில் வைத்து அடித்தான்; பிளாஸ்டிக் ஈரத்தில் தொய்யவில்லை. மலையே அதிர்ந்தது.

“விட்டு விட்டு அடிடா. புள்ள குரலு நமக்குக் கேக்கணும்ல,” என்றார் இவர்.

அவன் கையை நிறுத்திய ஒரு நேரத்தில், பனிக்குள்ளிருந்து “அம்மா” என்று கேட்டது.

ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தவர், மூச்சு வாங்க மகனிடம் கேட்டார்: “செத்துப்போனவரு பேரு என்னடா?”

அடிப்பதில் பெரியவர் யார் என்றால், இன்றைக்கும் என் வீட்டுக்காரரைத்தான் சொல்வேன். ஆனால் மகன் அடித்ததை அன்றுதான் காதுகொடுத்துக் கேட்டேன்.

கவிதா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு தாயி.